‘எப்போதும் பணியில் இருப்பதாகக் கருதப்படுவார்’: ஒரு சட்டத் தொடரும் காவலரின் களைப்பும்

சற்று நீண்ட பதிவு. வரலாறு, மொழியியல், சமூகப்பணி, பொது நிர்வாகம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்களை மனத்திற்கொண்டு எழுதுகிறேன்.

கடந்த சில ஆண்டுகளாகக் காவல்துறையினரின் மனநலம் பற்றிய கருத்தரங்குகளும் பயிற்சி வகுப்புகளும் நாடெங்கும் பெருகி வருகின்றன. யோகப் பயிற்சி, தியானம், ஆலோசகர் நியமனம், உதவி எண் ஆகியவை பல மாநிலங்களின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றுவிட்டன. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு தமிழ்நாட்டிலும் காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி நடத்தப்பட்டது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் வரலாற்றை வாசிப்பவருக்கு இங்கே ஒரு கேள்வி எழுகிறது. காவலரின் களைப்பு மனநலச் சிக்கலாக அறியப்படுவதற்கு முன்னர் அரசின் ஆவணங்களில் அது எப்பெயரால் வழங்கிற்று? அப்பெயர் மாறியபோது களைப்பின் காரணமும் மாறியதா?

என் விடை சுருக்கமானது. இந்தியக் காவலரின் களைப்பு முதலில் ‘ஒழுங்கீனம்’ என்றும், பின்னர் ‘தனிப்பட்ட மன அழுத்தம்’ என்றும் பெயர் பெற்றது. இரண்டு பெயர்களும் சிக்கலைத் தனிமனிதரின் உள்ளே வைக்கின்றன. அதன் இருப்பிடமோ பணிநேரம். அப்பணிநேரத்தின் பின்னே 1861ஆம் ஆண்டின் ஒரு சட்டத் தொடர் நிற்கிறது.

1. இருபத்திரண்டாம் பிரிவு

1857 கிளர்ச்சிக்குப் பின் கம்பெனியின் ஆட்சி முடிவுற்று அரசியின் நேரடி ஆட்சி வந்தது. 1860இல் காவல் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் பேரில் 1861ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமாகக் காவல் சட்டம் நிறைவேறியது. அயர்லாந்தின் ஆயுதக் காவல்படையும், சிந்துவில் சார்லஸ் நேப்பியர் அமைத்த காவல் முறையும் அதன் முன்மாதிரிகள். இரண்டும் அடக்கி ஆளப்பட்ட நிலப்பரப்புகளுக்கென அமைந்தவை.

அச்சட்டத்தின் 22ஆம் பிரிவு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. காவல் அலுவலர் ஒவ்வொருவரும் இச்சட்டத்தின் நோக்கங்கள் அனைத்திற்கும் எப்போதும் பணியில் இருப்பதாகக் கருதப்படுவார் என்பது முதல் செய்தி. காவல் மாவட்டத்தின் எப்பகுதியிலும் எந்நேரத்திலும் அவர் காவல் அலுவலராகப் பணியமர்த்தப்படலாம் என்பது இரண்டாவது.

இத்தொடரின் வினைச்சொற்களைச் சற்றே நின்று நோக்க வேண்டும். முதல் பகுதியின் வினை ‘கருதப்படுவார்’ என்பது. சட்ட மொழியில் இவ்வினைக்குத் தனித்த இடம் உண்டு. உண்மையில் ஒன்று அவ்வாறு இல்லாதபோதும், குறிப்பிட்ட ஒரு நோக்கத்திற்காக அவ்வாறே இருப்பதாகக் கொள்க என்று அது ஆணையிடுகிறது. இதனைச் சட்டப் புனைவு என்பர். விடுப்பில் ஊருக்குச் சென்ற காவலர் தம் கண்முன்னே நிகழும் குற்றத்தைத் தடுத்தால், அவருக்குச் சட்டப்படியான அதிகாரம் இல்லை என்று எவரும் வாதிட இயலாதபடி இப்புனைவு காக்கிறது. ஆக, இது அதிகாரத்தின் தொடர்ச்சியைப் பற்றிய தொடர். இரண்டாம் பகுதியின் வினை ‘படலாம்’ என்று முடிகிறது. அது இயலுமையைக் குறிப்பது. இடையறாத நிகழ்வைக் குறிப்பதன்று. ‘எந்நேரத்திலும் அழைக்கப்படலாம்’ என்பதும் ‘எல்லா நேரமும் வேலை செய்ய வேண்டும்’ என்பதும் ஒரே பொருளுடையன அல்ல.

நிர்வாகமோ இவ்வேறுபாட்டை விரைவிலேயே மறந்தது. ‘கருதப்படுவார்’ என்பது ‘இருப்பார்’ என்று வாசிக்கப்பட்டது. அதிகாரம் பற்றிய புனைவு பணிநேர அட்டவணையாக உருமாறியது. அவ்வாறு உருமாறுவதைத் தடுக்க அச்சட்டத்தில் வேறு பிரிவு எதுவும் இல்லை. நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் என்றோ, வாரத்தில் எத்தனை நாள் என்றோ அது எங்கும் சொல்லவில்லை.

அச்சட்டத்தில் களைப்பைக் குறிக்கும் சொல் ஒன்று உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 7ஆம் பிரிவு கீழ்நிலைக் காவலருக்கு மேலதிகாரி விதிக்கக்கூடிய தண்டனைகளைப் பட்டியலிடுகிறது: ஊதியப் பிடித்தம், பதினைந்து நாள் வரை குடியிருப்பிலேயே அடைத்துவைத்தல், தண்டனைக் கவாத்து, கூடுதல் காவல், ‘பெட்டீக்’ அல்லது பிற பணி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘பெட்டீக்’ என்ற சொல்லின் நேர்பொருள் களைப்பு. படைமொழியில் அது குழி தோண்டுதல், துப்புரவு செய்தல் போன்ற உடலுழைப்பைக் குறிக்கும். ஆக, அத்தண்டனைப் பட்டியலில் களைப்பு ஓர் உரிமைக் கோரிக்கையாகவோ நோய்க்குறியாகவோ இல்லை. மேலதிகாரி வழங்கும் தண்டனையாக இருக்கிறது. 29ஆம் பிரிவில் விடுப்பு என்ற சொல் வருகிறது. அங்கும் விடுப்பு முடிந்து உரிய காரணமின்றித் திரும்பாதவருக்கு என்ன தண்டனை என்பதே பேச்சு. மூன்று மாத ஊதியம் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

2. ஆலை வாயிலுக்கு வெளியே

இதே காலப்பகுதியில் தொழிலாளர் பணிநேரம் எவ்வாறு மாறியது என்பதை ஒப்புநோக்கினால் வேறுபாடு தெளிவாகும். பம்பாய் நகரை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வரலாறுகளும் அங்கே ஒரே தெருவில் நிகழ்ந்தன.

நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியால் 1890இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. 1946ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைக் கொணர்ந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதனை உறுதிசெய்து, வார விடுமுறையையும் கட்டாயமாக்கியது. ஆலை வாயிலுக்கு உள்ளே நின்றவருக்கு இவை அனைத்தும் பொருந்தின. வாயிலுக்கு வெளியே தடியுடன் நின்ற காவலருக்கு எதுவும் பொருந்தவில்லை.

பம்பாய் மாகாணத்தின் காவல்துறை 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நேரடியாக இயங்கவில்லை. அதற்கெனத் தனிச் சட்டங்கள் இருந்தன. விடுதலைக்குப் பின் அவை தொகுக்கப்பட்டு 1951இல் பம்பாய்க் காவல் சட்டம் பிறந்தது. குடியரசின் அரசமைப்பு நடைமுறைக்கு வந்த மறு ஆண்டு அது. அதன் 28ஆம் பிரிவிலும் அதே தொடர் இடம்பெற்றது: காவல் அலுவலர் எப்போதும் பணியில் இருப்பதாகக் கருதப்படுவார். 1978ஆம் ஆண்டின் தில்லிக் காவல் சட்டத்திலும் 24ஆம் பிரிவாக அது மீண்டும் எழுதப்பட்டது. ஆட்சி மாறியது, அரசமைப்பு மாறியது. இத்தொடர் மட்டும் படியெடுக்கப்பட்டுக்கொண்டே வந்தது.

காவலரின் பேச்சுமொழியில் இத்தொடருக்கு இணையான சொல் ஒன்று உண்டு: பந்தோபஸ்து. பாரசீகத்தில் கட்டுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. முகலாய, கம்பெனி ஆட்சிகளில் நிலவரி ஏற்பாட்டைக் குறித்தது. பின்னர் காவல் ஏற்பாட்டைக் குறிக்கலாயிற்று. மராத்தி, இந்தி, தமிழ் ஆகிய மூன்றிலும் இன்று வழங்குகிறது. கணேசர் சிலைக் கரைப்பு, தேர்தல், தலைவர் வருகை, கிரிக்கெட் போட்டி என எதன் பொருட்டும் பந்தோபஸ்து அறிவிக்கப்படலாம். அறிவித்த நொடியில் வார ஓய்வு இரத்தாகும். கட்டு என்ற வேர்ப்பொருள் அச்சொல்லை விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை என்றே தோன்றுகிறது.

3. ‘ஒழுங்கீனம்’ என்னும் முதற்பெயர்

பணிநேரம் எல்லையற்றதாக இருக்கும் இடத்தில் களைப்பு ஏதேனும் ஒரு வடிவில் வெளிப்பட்டே தீரும். அவ்வெளிப்பாட்டுக்கு அரசு சூட்டிய பெயர்களைக் காலவரிசையில் காண்போம்.

ஒத்துழையாமை இயக்கத்தின் சூழலில் 1922இல் காவலரிடையே அதிருப்தியைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின், 1966இல், காவலர் சங்கம் அமைக்கும் உரிமையை வரையறுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. 1967 ஏப்ரலில் தில்லிக் காவலர்கள் உள்துறை அமைச்சரின் இல்லத்தின் முன் திரண்டனர், பலர் கைதாயினர். அவர்களுடைய சங்கம் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லத்தக்கது என்று தீர்ப்பளித்தது.

1973 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் மாநில ஆயுதக் காவல்படையினர் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை அடக்க ராணுவம் அழைக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின. அடுத்த மாதம் முதலமைச்சர் கமலாபதி திரிபாதி பதவி விலகினார். 1979இல் பஞ்சாபில் தொடங்கிய காவலர் போராட்டம் பல மாநிலங்களுக்குப் பரவியது. அவ்வாண்டு பொகாரோ எஃகு ஆலையில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரின் போராட்டத்தையும் ராணுவமே அடக்கியது. விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்களின் வழக்குகள் 1985இல் துளசிராம் பட்டேல் தீர்ப்பில் தோல்வியுற்றன.

1982 பம்பாயின் ஆண்டு. சனவரியில் ஆலைத் தொழிலாளர்களின் மாபெரும் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது. ஆகத்து 18ஆம் நாள் காவலர் சங்கத் தலைவர்கள் கைது செய்யப்பட்டதும் காவலர்கள் தெருவில் இறங்கினர். காவலரைக் கட்டுப்படுத்த ராணுவமும் துணைப்படைகளும் நகருக்குள் வந்தன. காவலர் சங்கம் முடக்கப்பட்டது.

இந்நிகழ்வுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்த அரசியல் பின்னணி உண்டு. அவற்றை ஒரே காரணத்தில் அடக்க நான் முயலவில்லை. கோரிக்கைகளில் ஊதியம், குடியிருப்பு, அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு அனுப்பும் ஆர்டர்லி முறை, பணிநேரம் ஆகியவை மீண்டும் மீண்டும் வருகின்றன என்பதை மட்டும் சுட்டுகிறேன். அரசின் பதில் மொழியிலோ கலகம், அதிருப்தி, ஒழுங்கீனம், கடமை தவறுதல் என்ற சொற்களே நிறைந்துள்ளன. களைத்துப்போனவர் என்ற சொல்லுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஒழுங்கீனம் என்று பெயரிட்டால் தீர்வு தண்டனையாகிறது. ஒரு சிக்கலுக்கு இடும் பெயர் அதன் தீர்வையும் முன்கூட்டியே தேர்ந்துவிடுகிறது.

4. எண்ணிப் பார்த்தவர்கள்

பணிநேரத்தை எண்ணிப் பார்த்த முயற்சிகளும் நடந்தன. 1977 நவம்பரில் தரம் வீரா தலைமையில் தேசியக் காவல் ஆணையம் அமைந்தது. 1979க்கும் 1981க்கும் இடையே அது எட்டு அறிக்கைகளை அளித்தது. 1979 பிப்ரவரியில் வெளியான முதல் அறிக்கை கீழ்நிலைக் காவலரின் குறைகளையே முதற்பொருளாக எடுத்துக்கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது. காவல்துறையினரில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் காவலர், தலைமைக் காவலர் நிலையினர். கீழ்நிலைக் காவலர்கள் வாரத்தின் ஏழு நாட்களும் நாளொன்றுக்கு 10 முதல் 16 மணி நேரம் பணியாற்றுவதைத் தேசிய உற்பத்தித்திறன் மன்றத்தின் ஆய்வு காட்டியதாக ஆணையம் பதிவு செய்தது. மேற்கூறிய 1979 போராட்டம் அவ்வறிக்கை வந்த சில மாதங்களில் வெடித்தது.

2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு நெறிமுறைகளை வகுத்தது. அரசியல் தலையீட்டைக் குறைத்தல், உயர் அதிகாரிகளின் பதவிக்காலம், இடமாற்றம், விசாரணையைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரித்தல், புகார் ஆணையம் ஆகியவை அவற்றின் மையம். இவை அவசியமானவை. ஆனால் பணிநேரம் அவ்வேழில் ஒன்றாக இல்லை. அதே ஆண்டு சோலி சொராப்ஜி குழு வரைந்த மாதிரிக் காவல் சட்டம் எட்டு மணி நேரப் பணியைப் பொதுவிதியாக முன்மொழிந்தது. அது மாதிரியாகவே நின்றது.

காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்புக்காக ஐதராபாத்தின் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி செய்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று. காவல் நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் எட்டு மணி நேரத்துக்கு மேல் பணியாற்றினர். 73 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர்க்கு மாதத்தில் ஒருமுறைகூட வார ஓய்வு கிட்டவில்லை. எட்டு மணி நேர முறையை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தக் காவல் நிலையங்களின் ஆள்பலம் 1.68 மடங்காக வேண்டும் என்று அவ்வாய்வு கணக்கிட்டது. 2019இல் காமன் காஸ் அமைப்பும் வளரும் சமூகங்கள் ஆய்வு மையமும் 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலரிடம் நடத்திய ஆய்வு, சராசரிப் பணிநேரம் நாளொன்றுக்கு 14 மணி நேரம் என்றது. இருவரில் ஒருவருக்கு வார ஓய்வே இல்லை.

1979க்கும் 2019க்கும் இடையே நாற்பது ஆண்டுகள். 10 முதல் 16 மணி நேரம் என்ற எண்ணின் நடுவே 14 அமைதியாக அமர்ந்திருக்கிறது. இடையில் தொலைத்தொடர்பு, வாகனம், கணினி, கேமரா என்று எல்லாம் வந்தன, பணிநேரம் குறையவில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று நிரப்பப்படாமலே கிடக்கும்போது அது குறையவும் இயலாது. ஒருவர் ‘எப்போதும் பணியில்’ இருப்பவர் என்றால், மற்றொருவரைப் பணியில் சேர்ப்பதற்கான நிதி அழுத்தம் அரசுக்கு ஏற்படுவதில்லை. அச்சட்டத் தொடரின் பொருளாதாரப் பயன் இதுவே.

5. ‘மன அழுத்தம்’ என்னும் இரண்டாம் பெயர்

பொறியியலில் வழங்கிய ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல் உயிரியலிலும் உளவியலிலும் பரவியதற்கு ஹான்ஸ் செல்யேயின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதைத் தொடர்ந்த அவருடைய ஆய்வுகளும் வழிவகுத்தன. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்ற வகைப்பாடு 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் குரல் அதற்குப் பின்னணி. இவ்விரு சொல்லாட்சிகளும் காலப்போக்கில் இந்தியக் காவல் நிர்வாகத்தின் மொழிக்குள் நுழைந்தன.

இந்தியில் இதற்கு வழங்கும் ‘தனாவ்’ என்ற சொல் இழுத்து நீட்டுதல் என்னும் வேரிலிருந்து வந்தது. தமிழில் ‘மன அழுத்தம்’ என்கிறோம். இந்திச் சொல்லில் இழுப்பு இருக்கிறது, தமிழில் அமுக்கம் இருக்கிறது. இரண்டிலும் புறத்திலிருந்து செயற்படும் ஒரு விசை உட்கிடையாக உள்ளது. இழுப்பவர் யார், அமுக்குவது எது என்ற கேள்வியைச் சொல்லே எழுப்புகிறது. வழக்கிலோ ‘மன’ என்ற அடைமொழி மேலோங்கி, ‘அழுத்தம்’ தரும் பொருள் மறைந்துவிடுகிறது. பொதுப் பேச்சில் மனச்சோர்வு என்ற நோயையும் இதே சொல்லால் குறிப்பது குழப்பத்தை மேலும் கூட்டுகிறது.

மத்திய ஆயுதக் காவல்படையினரின் தற்கொலைகள் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் உள்துறை அமைச்சகத்தின் விடைகளில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது: பெரும்பாலும் தனிப்பட்ட, குடும்பக் காரணங்கள். இத்தொடரின் சொல்லமைப்பு கவனிக்கத்தக்கது. குடும்பம் ஒருபுறமும் பணி மறுபுறமும் தனித்தனியே நிற்பதாக அது எடுத்துக்கொள்கிறது. ஆண்டின் பெரும்பகுதியை ஆயிரம் கல் தொலைவில் கழிப்பவருக்கு மணவாழ்க்கைச் சிக்கல் என்பது பணியிலிருந்து பிரித்தறியக் கூடியதா? அரசே இதனை வேறோர் இடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. படையினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 நாட்கள் குடும்பத்தோடு இருக்க வழிசெய்யப்படும் என்று 2019இல் உள்துறை அமைச்சர் அறிவித்தார். குடும்பக் காரணத்துக்குப் பணி அட்டவணையே மருந்து என்று ஆகும்போது, அது வெறும் குடும்பக் காரணமாக இருக்க இயலாது.

அதே 2019இல் உலக நலவாழ்வு அமைப்பு தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில், பணியில் எரிந்து தீர்ந்துபோகும் நிலையை நோயாக அன்றிப் பணிசார் நிகழ்வாக வரையறுத்தது. சரிவரக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தமே அதன் காரணம் என்றது. ஆலோசனை அறைகளின் சுவரில் இவ்வரையறை எழுதிவைக்கத் தக்கது.

இந்திய மனநலச் சட்டங்களில் காவலருக்கு அளிக்கப்பட்ட இடத்தையும் நோக்குக. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, தெருவில் திரியும் மனநோயாளரைப் பிடித்து நடுவர் முன் நிறுத்தும் அதிகாரத்தைக் காவல் அலுவலருக்குத் தந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, அத்தகையவரைப் பாதுகாப்புடன் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் கடமையை விதித்தது. பிடிப்பவர் என்ற நிலையிலிருந்து காப்பவர் என்ற நிலைக்குச் சட்டத்தின் பார்வை நகர்ந்தது நல்ல மாற்றம். அச்சட்டம் தரும் சிகிச்சை உரிமை காவலருக்கும் உரியதே. ஆயினும் நூறாண்டுக்கு மேலாகக் காவலர் அங்கே நோயாளியை அழைத்துவரும் கையாக மட்டுமே பெயர் சுட்டப்படுகிறார்.

6. நினைவு நாட்கள்

காவலரை மட்டுமே சொல்லி மற்ற முதல்நிலை மீட்பாளர்களை விட்டுவிடலாகாது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ‘போர்ட் ஸ்டைகின்’ கப்பல் வெடித்ததில் தீயணைப்புத் துறையினர் 66 பேர் உயிரிழந்தனர். அந்நாள் இன்றும் தீயணைப்புப் பணி நாளாக நினைவுகூரப்படுகிறது. 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் மத்திய ரிசர்வ் காவல்படையினர் பத்துப் பேர் மாண்டனர். அந்நாள் காவலர் நினைவு நாள். இவ்வஞ்சலிகள் உரியவை. ஆனால் நம் நினைவின் ஏடுகளில் இறந்தவருக்கு மட்டுமே பத்தி உள்ளது. 1944இல் சிதறிய உடல்களைத் திரட்டிய தீயணைப்பாளர்களும், 2008 நவம்பரில் சத்ரபதி சிவாஜி முனையத்தின் நடைமேடையில் உடல்களைத் தூக்கிய காவலர்களும் பின்னர் எவ்வாறு உறங்கினர் என்பதற்கு அங்கே பத்தி இல்லை.

2005 ஆகத்து 15 அன்று ஐதராபாத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை இவ்வரிசையில் புதியது. அதன் ஊழியர்கள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களின் கீழ்ப் பணியாற்றுவோர். பன்னிரண்டு மணி நேரப் பணி பல மாநிலங்களில் வழக்கம். எட்டு மணி நேரம் வேண்டி அவர்கள் போராடியும் வருகின்றனர். 1861ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. எனினும் ‘அத்தியாவசியம்’ என்ற சொல் அவர்களிடத்தில் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது.

7. தேவ்னார், 2016

‘எப்போதும் பணியில்’ என்ற தொடரைச் சட்டத்திலிருந்து நீக்கினால் மட்டுமே மாற்றம் வருமா? மும்பையின் அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது. 2016 மே மாதம் அந்நகரின் கிழக்குப் புறநகரான தேவ்னார்க் காவல் நிலையத்தில் எட்டு மணி நேர ஷிப்ட் முறை சோதனையாகத் தொடங்கப்பட்டது. திட்டத்தை வகுத்துத் தந்தவர் அந்நிலையத்திலேயே பணியாற்றிய ஒரு காவலர். அன்றைய ஆணையர் தத்தா பட்சல்கீகர் அதை ஏற்றார். பிறகு நகரின் ஏனைய நிலையங்களுக்கும் அது படிப்படியாக விரிந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அப்போதும் நடைமுறையில் இருந்தது. அதன் ஓர் எழுத்தும் மாறவில்லை. எப்போதும் பணியில் இருப்பதாகக் ‘கருதப்படும்’ ஒருவர் எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வீடு திரும்புவதை அச்சட்டம் ஒருபோதும் தடுக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதன் வரம்பையும் சொல்ல வேண்டும். அது ஓர் ஆணையரின் ஆணை. சட்டம் தரும் உரிமை அன்று. பெரிய பந்தோபஸ்து நாட்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றன. ஆணையால் வந்தது ஆணையால் போகும். தமிழ்நாட்டில் 2021இல் அறிவிக்கப்பட்ட வார ஓய்வுக்கும் இக்கவலை பொருந்தும்.

8. ஓர் எதிர்வினாவும் ஒரு வேண்டுகோளும்

காவலரின் களைப்பைப் பேசுவது காவல் வன்முறைக்குச் சப்பைக்கட்டு ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. காவல் நிலையச் சித்திரவதை இச்சட்டத்துக்கு முற்பட்டது. சென்னை மாகாணச் சித்திரவதை ஆணையத்தின் அறிக்கை 1855இல் வந்தது. அதற்குச் சாதி, அதிகாரம், தண்டனையின்மை ஆகிய வேர்கள் உண்டு. களைப்பு அதற்கு விளக்கமாகாது, மன்னிப்புமாகாது. ஆனால் பதினைந்தாம் மணி நேரத்தில் புகார் எழுதும் காவலர் முன் நிற்பவர் ஒரு குடிமகள். அவர் சொல்வது சரியாகக் கேட்கப்பட்டதா, சரியாக எழுதப்பட்டதா என்பதில் அவருடைய நீதி அடங்கியிருக்கிறது. காவலரின் உறக்கம் அவ்வகையில் குடிமக்களின் உரிமையோடும் தொடர்புடையது.

இறுதியாக, ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 22ஆம் பிரிவைத் தந்த அதே 1861ஆம் ஆண்டுச் சட்டம் 44ஆம் பிரிவில் நிலையந்தோறும் பொது நாட்குறிப்பு வைக்க ஆணையிட்டது. காவலர் எந்நேரம் நிலையத்தை விட்டுக் கிளம்பினார், எந்நேரம் திரும்பினார் என்பதையும் அந்நாட்குறிப்பில் எழுதுமாறு பின்வந்த காவல் விதிகள் கூறின. 1934ஆம் ஆண்டின் பஞ்சாப் காவல் விதிகள் இதற்குத் தக்க சான்று. வட இந்திய நிலையங்களில் இப்பதிவுகளை இன்றும் ‘ரவானகி’, ‘ஆமத்’ என்ற பாரசீகச் சொற்களால் வழங்குவர்: புறப்பாடு, வருகை. குற்றத்தின் வரலாற்றுக்காகவும் சாட்சியத்தின் நம்பகத்தன்மைக்காகவும் இந்நாட்குறிப்புகள் புரட்டப்படுகின்றன. புறப்பாட்டுக்கும் வருகைக்கும் இடைப்பட்ட மணி நேரங்களைக் கூட்டிப் பார்க்கும் ஆய்வுக்கும் இவையே முதன்மைச் சான்றாக முடியும். ஆவணக் காப்பகங்களில் பழைய தொகுதிகள் எஞ்சியுள்ள ஒரு மாவட்டம், ஒரு நிலையம், ஓர் ஆண்டு போதும். அத்தகைய கூட்டல் ஒன்று கையில் இருந்தால், அடுத்த கருத்தரங்கில் மன அழுத்தத்தைப் பற்றிய பேச்சைப் பணிநேரத்திலிருந்து தொடங்கலாம்.

இத்தொகுதிகளைக் கண்டவர்கள், பயன்படுத்தியவர்கள் இருப்பின் கீழே தெரிவிக்க வேண்டுகிறேன்.